பல வருடங்களாகச் சேர்த்த எம்பி3 பாடல்களை டேக் செய்து புது இடத்துக்கு மாற்றுவது எப்படி?

கேட்டவரிடம் ஒரு பழைய விண்டோஸ் கணினி நிறைய எம்பி3 இருக்கிறது. பெரும்பாலும் தமிழ்ப் படப்பாடல்கள், கொஞ்சம் கர்நாடக இசை. எல்லாவற்றையும் வீட்டில் ஒரு சின்ன லினக்ஸ் சர்வருக்கு மாற்றி, நாவிட்ரோம் என்ற இசை சர்வர் மென்பொருள் வழியாகப் போனில் கேட்க வேண்டுமாம். பாட்டு, ஆல்பம், பாடகர் பெயர்களை ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் கட்டங்கள்தான் டேக்; அவற்றை நிரப்ப எந்த மென்பொருள் நல்லது என்கிறார்.

மென்பொருள் இரண்டாவது. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு குழு, அவர்களுடைய ஒரு ஆல்பம் என்ற கணக்குக்கு டேக் கட்டங்கள் நன்றாகப் பொருந்தும். நம் படத்திலோ ஐந்து பாட்டுக்கு ஆறேழு பாடகர்கள். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பாடகர் பெயரை மட்டும் போட்டு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டைக் காலியாக விட்டால், நாவிட்ரோம் பாடகர்களையே ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டாக எடுத்துக்கொண்டு ஒரே படத்தை நாலைந்து ஆல்பமாக உடைத்துவிடும். "சர்வருக்கு மாற்றியதும் எல்லாம் சிதறிவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஆல்பத்தில் படத்தின் பெயரும் வருடமும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர், கம்போசரிலும் அவரே. ஆர்ட்டிஸ்ட்டில் பாடியவர்கள். வருடம் எதற்கு என்றால், பில்லா என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் 1980இன் எம்.எஸ்.விஸ்வநாதனும் 2007இன் யுவன் சங்கர் ராஜாவும் அதற்குள்ளேயே ஒன்றாகிவிடுவார்கள். 'ஹிட்ஸ்' சிடியிலிருந்து வந்த பாட்டுக்கும் ஆல்பத்தில் படப்பெயரையே போடுங்கள். ஹிட்ஸ் என்பதைப் பிளேலிஸ்டாக வைத்துக்கொண்டால் போதும்.

கர்நாடக இசைக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கச்சேரி செய்தவர், கம்போசர் தியாகராஜரோ தீட்சிதரோ. கம்போசர் பட்டியலில் தியாகராஜரும் தேவாவும் அடுத்தடுத்து வருவார்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ராகத்துக்குத் தனிக் கட்டம் உருவாக்க முடியும், ஆனால் பல பிளேயர்கள் அதைக் காட்டுவதில்லை. பாட்டின் தலைப்பிலேயே ராகத்தைச் சேர்த்துவிடுவது உத்தமம்.

சரி, மென்பொருள். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் இலவசம். பாட்டின் ஒலியையே கைரேகை மாதிரி எடுத்து, அக்கவுஸ்ட்ஐடி தரவுத்தளத்தில் தேடி, பெயர்களை நிரப்பித் தரும். ஆங்கில ஆல்பங்களுக்கு அருமை. ஆனால் அந்தத் தரவு தன்னார்வலர்கள் ஏற்றியது. யாரும் ஏற்றாத பழைய தமிழ்ப் பாட்டு அங்கே கிடைக்காது. கிடைத்தாலும் ஏதாவது தொகுப்பு ஆல்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளலாம். சேவ் கொடுக்கும்வரை ஃபைலில் எதையும் எழுதாது என்பதால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

தமிழ்ப் பாடல்களுக்கு நான் எம்பி3டேக்கைத்தான் நம்புகிறேன். விண்டோஸில் இலவசம். ஒரு படத்தின் பாடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கக் கட்டங்களில் படம், இசையமைப்பாளர், வருடம் மூன்றையும் ஒரே தடவை அடித்தால் முடிந்தது. தலைப்பிலும் கமெண்டிலும் ஒட்டியிருக்கும் டவுன்லோட் தளங்களின் பெயரை, தேடி மாற்றும் ஆக்‌ஷன் ஒன்று எழுதி மொத்தமாகத் துடைத்துவிடலாம். அட்டைப்படத்திலும் அந்தப் பெயர் இருக்கும், அதை மாற்றக் கைவேலைதான் வழி. ஜோடிப் பாடல்களில் இரண்டு பெயருக்கும் நடுவே காற்புள்ளி போட்டால் 'எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி' என்று ஒரு புது ஆள் முளைக்க வாய்ப்பு உண்டு. எம்பி3டேக்கில் நடுவே இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டால் இரண்டு தனிப் பெயர்களாகப் பதியும்.

அடுத்தது, பெயர்களைத் தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலா? காரில் பென்டிரைவ் போட்டுக் கேட்பவர் என்றால் ஆங்கிலமே நல்லது. ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் வரும். போன், சர்வர் மட்டும்தான் என்றால் தமிழ் தாராளம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. 'மௌனம்' என்பதைப் பலர் மெ போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்து 'மெளனம்' ஆக்கிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல். தேடினால் பாதிப் பாட்டு வராது. இதை மொத்தமாக மாற்றவும் முடியாது, 'வெள்ளி'யும் சேர்ந்து கெட்டுவிடும். வடிகட்டி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று கொம்பும் காலும். 'கொ' என்ற எழுத்தின் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் செல்லும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் ஃபைல் பெயர்களை இரண்டாவது விதத்தில்தான் வைக்கும். யாராவது மேக்கிலிருந்து கொடுத்த பாடல்கள் இருந்தால், அங்கே உருவான பிளேலிஸ்ட் லினக்ஸில் 'ஃபைலைக் காணோம்' என்று நிற்பது இதனால்தான். இதை மட்டும் பயமில்லாமல் மொத்தமாக மாற்றலாம்.

ஃபைல் பெயரின் நீளத்தையும் பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புமுறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 85தான் தேறும். விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீளப் பெயர் சர்வரில் காப்பி ஆகாது. பாடகர் பெயர்களை ஃபைல் பெயரில் சேர்க்காதீர்கள், எண்ணும் தலைப்பும் போதும்.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து அதைத் தொடாமல் வையுங்கள். அப்புறம் டேக், அதற்குப் பிறகு ஃபைல் பெயர், கடைசியில்தான் சர்வர். பழைய பிளேலிஸ்டுகள் வேண்டுமென்றால், அவற்றை ஃபூபார்2000 என்ற விண்டோஸ் பிளேயரில் ஏற்றிவிட்டு, பெயர் மாற்றுவதையும் நகர்த்துவதையும் அதன் ஃபைல் ஆபரேஷன்ஸ் வழியாகவே செய்யுங்கள், பிளேலிஸ்டும் கூடவே மாறும். பிறகு பிளேலிஸ்டை எம்3யு8 என்ற எழுத்துக்கோப்பு வடிவில் சேமித்து, நோட்பேடில் திறந்து, விண்டோஸ் பாதைகளைச் சர்வரின் பாதைகளாக மாற்றினால் வேலை செய்யும். லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, அதை மறக்க வேண்டாம்.

நட்சத்திர மதிப்பீடு கொடுத்திருந்தால் அது ஃபைலோடு வரும் என்று எண்ணாதீர்கள். ஐட்யூன்ஸ் அதைத் தன் நூலகக் கோப்பில்தான் வைத்திருக்கும். ஐந்து நட்சத்திரப் பாடல்களைக் கிளம்பும் முன்பே ஒரு பிளேலிஸ்டாக எடுத்துவிடுங்கள்.

கையோடு 128 கேபிபிஎஸ் தரத்துப் பாடல்களை 320க்கு மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபைல்தான் பெருக்கும், போன சத்தம் திரும்பாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றவும் வேண்டாம். ஒரே ஒரு இசையமைப்பாளரின் பத்துப் படங்களை மட்டும் சர்வரில் போட்டு, போனில் திறந்து பாருங்கள். படங்கள் உடையாமல் வந்தால் மிச்சத்தை ஏற்றலாம்.