வலையில் சிக்கும் ஆவுளியா (கடற்பசு) காயமே இல்லாமல் சாவது ஏன்?

மூச்சு முட்டித்தான். ஆவுளியா மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரல் உள்ள பாலூட்டி. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டும். மூழ்கியதும் நாசித் துளைகளை மடல்கள் மூடிக்கொள்ளும். வலையில் மாட்டினால் மேலே வர முடியாது, அவ்வளவுதான்.

ஒன்று செத்தால் ஈடுகட்டுவதும் லேசில்லை. சினைக்காலமே ஓராண்டுக்கு மேல். பெரும்பாலும் ஒரே கன்று. அடுத்ததற்கு 3 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகும்.

2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. சரி, நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், அறிவிப்பைவிடப் பெரிய காவல், சிக்கியதைப் பார்த்ததும் வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துவிடும் மீனவர்தான். அப்படி விடுவித்தவர்களுக்கு வனத்துறை வெகுமதியும் கொடுத்திருக்கிறது.