வர்க்கி ஓவனுக்கு 6 லட்சம்: எந்தக் கடனுக்குப் போகலாம்?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டையொட்டிய ஷெட்டில் ஐந்து வருடமாக வர்க்கி போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் வாங்கிய ஒன்றரை லட்சத்தைப் போன வருடம் கட்டி முடித்தேன். எலக்ட்ரிக் ஓவனும் மாவு பிசையும் மெஷினும் வாங்க 6 லட்சம் வேண்டும். முத்ரா 20 லட்சமாகிவிட்டது, பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 35 சதவீத மானியம் என்கிறார்கள். எதற்குப் போகலாம்?

பதில்: சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த 20 லட்சம் வரம்பு, 'தருண்' பிரிவில் (5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை) கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும். உங்கள் ஒன்றரை லட்சம் அதற்குக் கீழே உள்ள 'கிஷோர்' பிரிவு. இப்போது நீங்கள் 10 லட்சம் வரை தருணில் கேட்கலாம். ஆனால் முத்ராவில் மானியம் கிடையாது.

பிஎம்இஜிபி-யின் 35 சதவீதம், கிராமப்புறத்தில் பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. நடக்கிற தொழிலைப் புதியது என்று எழுதித் தருகிறோம் என யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பழைய முத்ரா கணக்கு, வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலில் நிற்கிறது. மானேஜர் முதலில் பார்ப்பதே அதைத்தான். முத்ராவை அடைத்தவர்களுக்கு விரிவாக்கக் கடன் பிஎம்இஜிபி-யிலேயே உண்டு, மானியம் 15 சதவீதம். மூன்று வருட லாபக் கணக்கு காட்ட வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமானது பிஎம்எஃப்எம்இ, அதாவது பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டம். நடக்கிற தொழிலுக்கும் 35 சதவீத மானியம், மானியத்தின் உச்சம் 10 லட்சம். உங்கள் 6 லட்சத்தில் கைப்பணம் 10 சதவீதம், 60,000 ரூபாய். கடன் 5,40,000. மானியம் 2,10,000 உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே தனிக் கணக்கில் மூன்று வருடம் இருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி போடக் கூடாது, ஆகவே வட்டி 3,30,000-க்குத்தான். தவணை தவறிக் கணக்கு வாராக்கடனானால் மானியமும் போய்விடும். மைதா, டால்டா வாங்கும் நடைமுறை மூலதனத்துக்கு மானியம் இல்லை. அதைத் தனியாகக் கேளுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் கொட்டேஷனில்தான் மாட்டிக்கொள்கிறது. 'ஓவன் – 1' என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். எத்தனை டிரே, எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, ஜிஎஸ்டி எண் எல்லாம் இருக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் என்றால் மின் இணைப்பை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். ஆதார், உத்யம் (குறு, சிறு தொழில் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். உத்யமிலும் உணவுப் பதிவிலும் ஷெட்டின் முகவரியே இருக்கட்டும். கடன் அனுமதியாகும் முன் கைமாற்று வாங்கி மெஷினை இறக்கிவிட்டால் மானியம் கிடைக்காது. ஷெட்டைப் பெரிதாக்கும் யோசனையையும் இதில் சேர்க்காதீர்கள்; மலைப்பகுதிக் கட்டட அனுமதி வருவதற்குள் கொட்டேஷன் காலாவதியாகிவிடும்.

10 லட்சம் வரை குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பட்டா கேட்டால் இதைச் சொல்லுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பிஎம்எஃப்எம்இ திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என நீட்டிக்கப்பட்டிருந்தது. அதனால் முதலில் ஊட்டியில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொட்டேஷனுக்கு அலையுங்கள். திட்ட அறிக்கை தயாரித்துத் தர மாவட்ட வள நபர் இருக்கிறார். அவருக்கு அரசே ஊதியம் தருகிறது, நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம்.