மீன் வறுவலுக்கு ஏர் ஃபிரையர் தேவையா?

கேள்வி: எங்கள் வீட்டில் 5 பேர், வாரத்தில் 4 நாள் மீன் வறுவல் உண்டு. எண்ணெயைக் குறைக்க ஏர் ஃபிரையர் வாங்கலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: பெயரில் பொரிப்பு இருந்தாலும், மேலே உள்ள கம்பிச்சுருளின் சூட்டை விசிறியால் சுழற்றிவிடும் சிறிய ஓவன்தான் அது. மசாலாவில் அரைமணி நேரம் ஊறிய சீலா மீன் துண்டுகளின் மேல் ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பூசி, 180 டிகிரியில் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டால், ஏறக்குறைய 15 நிமிடங்களில் ஓரம் சிவந்து, உள்ளே சாறு வற்றாமல் வெந்துவிடும். தோசைக்கல்லில் மசாலா எண்ணெயோடு முறுகும் அந்த மணம் மட்டும் வராது. எனக்கு அது குறைதான். கரைத்த மாவில் தோய்க்கும் பஜ்ஜிக்கோ இது உதவவே உதவாது, மாவு இறுகும் முன்பே வழிந்துவிடும்.

உங்களுக்கு உண்மையான தடை கூடையின் அளவு. 4 லிட்டர் கூடையில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், காற்று புகாமல் மீன் வறுபடுவதற்குப் பதில் அவிந்துபோகும். ஆகவே 2, 3 தடவை வைக்க நேரும். 1,500 வாட் கருவி 20 நிமிடம் இடைவிடாமல் சூடேறினாலும் அரை யூனிட்தான் செலவாகும் என்பதால் மின்கட்டணம் பெரிதன்று. ஆனால் 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது.

இப்போது தோசைக்கல்லில்தான் வறுக்கிறீர்கள் என்றால் மிச்சமாகும் எண்ணெய் சொற்பமே, வாங்க வேண்டாம். சட்டி நிறைய எண்ணெயில் பொரிப்பதே வழக்கமென்றால், 6 லிட்டர் கூடை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.