ஜூலையில் பார்த்த வீடு ஜனவரியில் எப்படி இருக்கும்?

கேள்வி: என் கணவருக்கு டர்பனில் இரண்டு வருட வேலை. ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். கடல் தெரியும் ஃபிளாட்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எடுக்கலாமா? அவர்களைத் தினமும் கடலில் குளிக்க விடலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஜூலையில் பார்த்த அழகை நம்பி ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தென் ஆப்பிரிக்காவின் இந்தக் கரையில் மழை பெய்வது கோடையில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜூலை வறண்ட குளிர்காலம். பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12. சுவரெல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கும், புதுப் பெயிண்டும் பளபளக்கும். அதே அறை ஜனவரியில் அலமாரிக்குள் பூஞ்சை வாடை அடிக்கும்.

உப்புக்காற்று தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே வெயில் உலர்த்திக் கொடுத்துவிடும். இங்கே கோடையில் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்து இறங்காமல் நிற்கும். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியும் தரைக் கம்பளமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வீடு பார்க்கும்போது கூடத்தை விட்டுவிட்டு முதலில் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். குளியலறையில் ஜன்னலோ காற்றை வெளியேற்றும் விசிறியோ இல்லாத வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது திசை. டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறது. சூரியன் இங்கே வடக்கு வானில் போகும். வடக்குப் பார்த்த பால்கனிக்குக் குளிர்காலம் முழுக்க வெயில் கிடைக்கும். தெற்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் நேர்வெயில் படாது, பூஞ்சை முதலில் பிடிப்பதும் அங்கேதான். வாஸ்து பார்த்துத் தெற்கு வாசலைத் தவிர்ப்பவர்களோடு இந்த ஊர்ச் சூரியனும் ஒத்துப்போகிறது! கடல் கிழக்கே. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும், எனவே கடல் பார்த்த படுக்கையறைக்குத் தடித்த திரைச்சீலை வேண்டும்.

அதன் பிறகு பால்கனியின் சறுக்குக் கதவு. கதவைத் திறந்து கீழ்த் தடத்தில் விரலை ஓட்டுங்கள். மணலும் வெள்ளைப் பொடியும் ஒட்டினால் பராமரிப்பு இல்லை என்று அர்த்தம். ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். முக்கி முக்கி நகர்ந்தால் உருளைகள் துருப்பிடித்திருக்கும். குடிவந்த பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் தடத்தைக் கழுவி, துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய் விட வேண்டாம், மணல் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். ஏசியின் வெளிப்பெட்டியையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்துவிட்டால் ஏசி குளிர்விக்கத் திணறும், கரண்ட் பில்தான் ஏறும்.

பட்டுப்புடவைகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மர பீரோவாக இருந்தால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் ஜிக் (இங்கே கிடைக்கும் பிளீச் திரவம்) ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். அதோடு வினிகரையோ டாய்லெட் ஆசிட்டையோ சேர்த்தால் விஷவாயு கிளம்பும்.

எங்கே எடுப்பது? உம்லாங்காவில் கரையை ஒட்டிய கட்டடங்களில் காட்சிக்குக் குறைவில்லை, வாடகையும் உப்பும் அதற்கேற்ப. அங்கிருந்து நகர மையம் சுமார் 18 கி.மீ. கணவருக்குத் துறைமுகப் பக்கம் வேலை என்றால் என் வாக்கு கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதிக்குத்தான். மஸ்கிரேவ், கிளென்வுட், மார்னிங்சைடு பகுதிகளில் மேல்மாடி கிடைத்தால் கடலும் தெரியும், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும் தெரியும், கதவுக் கீலும் பிழைக்கும். சரிவில் உள்ள வீடு என்றால் மண்தாங்கு சுவரில் வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா, தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிந்த மேடுகளும் அதற்கு ஒரு காரணம்.

கறிவேப்பிலை, முருங்கைக்குக் கவலை வேண்டாம். வார்விக் சந்திப்பின் அதிகாலைச் சந்தை, சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் இரண்டும் கைகொடுக்கும். அங்கே கடைக்காரர் பெயர் கோவிந்தராகவோ பிள்ளையாகவோ இருக்கும், பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். வாங்கி வந்த பழத்தை மட்டும் திறந்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். வெர்வெட் குரங்குகள் கம்பிக்குள் கையை விட்டு எடுத்துவிடும், வலை அடித்தால்தான் தப்பலாம்.

ஒப்பந்தம் பற்றி: குடிவரும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சோதித்து, குறைகளை எழுதி, ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம். அட்வான்ஸை வட்டி தரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை. காலி செய்யும்போது சேதம் இல்லையென்றால் 7 நாளில் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால், கழித்தது போக மீதிக்கு 14 நாள். ஆகவே அந்தப் பட்டியலில் 'கதவு உருளை துரு', 'தெற்குச் சுவரில் கறை' என்று ஒவ்வொன்றையும் எழுதி, தேதியோடு படமும் எடுத்து வையுங்கள். முதலில் ஒரு மாதத் தங்கல் வீட்டில் இருந்துகொண்டு தேடினால் அவசரம் இருக்காது.

இனி கடல். தினமும் விடலாம், ஆனால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில், உயிர்க்காவலர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும். டர்பனில் 1952 முதல் சுறா வலை போடுகிறார்கள். வலை இருக்கிறதே என்று முழு நம்பிக்கை வைத்துவிட வேண்டாம். இந்தக் கரையோரத்தில் போடும் வலைகளில் பெரும்பாலானவை சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். அது வேலி அல்ல, சுறாவைச் சிக்க வைக்கும் பொறி. மேலேயும் கீழேயும் பக்கத்திலும் இடைவெளி உண்டு. ஜூன், ஜூலையில், அதாவது நீங்கள் வரும் சமயத்தில், மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும்போது வலைகளை எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் குளிக்கத் தடை இருக்கும், அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும், நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கடலில் இறக்காதீர்கள், குறிப்பாக உம்கெனி ஆறு கலக்கும் புளூ லகூன் பக்கம். கழிவுநீர் கலந்த தண்ணீரால் வயிற்றுப்போக்கும் காதுவலியும் வரும். நகராட்சி கடல்நீரைச் சோதித்து எந்தக் கடற்கரை மூடியிருக்கிறது என்று அறிவிக்கும். அந்த நாட்களில் கடலோர நடைபாதை போதும். காலை எட்டு மணிக்குள் போனால் காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. இருட்டிய பிறகு ஆளில்லாத ஓரங்களுக்குப் போகாதீர்கள், செல்போனைக் கையில் ஆட்டிக்கொண்டும் நடக்காதீர்கள். செல்போனிலிருந்து அவசர உதவிக்கு 112, போலீசுக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177. பிள்ளைகளின் போனிலும் இவற்றைப் பதிந்து கொடுங்கள்.