லேப்டாப் ஏன் கொதிக்கிறது? வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் தறி ஓடுகிறது. பில் போடவும் ஜிஎஸ்டி கணக்குக்கும் 5 வருடமாக ஒரே லேப்டாப். காலையில் நன்றாக ஓடுகிறது. 11 மணிக்கு மேல் கீபோர்டே சுடுகிறது, ஃபேன் கத்துகிறது, எக்செல் நகர மாட்டேன் என்கிறது. கடையில் ரேம் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றலாமா?
– வாசகர், குடியாத்தம்

இப்போதைக்கு ரேமுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரேம் போதவில்லை என்றால் விடியற்காலையிலும் இழுக்கும். காலையில் ஒழுங்காக ஓடி, சூடு ஏறிய பிறகு மந்தமாவது வேறு சங்கதி. லேப்டாப்பின் மூளையான பிராசஸர் சிப்பின் சூடு 95, 100 டிகிரியை நெருங்கும்போது, கருகிவிடாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஊகிக்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு. அங்கே ‘பேஸ் ஸ்பீடு’ என்றும் ‘ஸ்பீடு’ என்றும் இரண்டு எண்கள் இருக்கும். வேலை இல்லாதபோது ஸ்பீடு குறைவாக இருப்பது இயல்பு. பெரிய ஃபைல் ஓடும்போதும் அது பேஸ் ஸ்பீடுக்குக் கீழேயே கிடந்தால் சூட்டின் மேல் சந்தேகப்படலாம். உறுதி செய்ய எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அது டிகிரியையும் காட்டும், ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகம் குறைவது) நடந்ததா என்பதையும் காட்டும். வேலை ஓடும்போது 85 டிகிரி வரை பயமில்லை. 95க்கு மேல் நின்றால் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

தறி வீட்டில் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். ஃபேன் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, ஹீட் சிங்கின் (பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகள் வழியாக வெளியே தள்ளுகிறது. தகடுகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். காற்றோடு வரும் பஞ்சு, தகடுகளின் உள்பக்கத்தில், ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவே படிகிறது. வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தகடு சுத்தமாகத்தான் தெரியும். ஃபேன் மூடியைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒரு பட்டை நிற்கும். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இந்தப் பட்டை ஃபேனுக்குள் கலைந்து விழும், சில நாளில் மறுபடி அதே இடத்தில் சேரும். ‘சர்வீஸ் செய்தும் பத்து நாள்தான் தாங்கியது’ என்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

திறக்கும் முன் ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். பிஎச்0 அளவு (சிறிய பிளஸ் முனை) ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சில ஸ்க்ரூக்கள் ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அட்டையில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்திவையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால் மதர்போர்டே காலி. மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதற்கு முன் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு ஃபேனைக் கழற்றி, பட்டையை உரித்து, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காற்று அடிப்பதானால் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

இதற்குப் பிறகும் 95 டிகிரி என்றால் சிப்பிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஹீட் சிங்கைக் கழற்றினால் பழையது சுண்ணாம்பு போல உதிரும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நூல் பிரியாத துணியால் துடைத்துவிட்டு (தறிப் பஞ்சு வேண்டவே வேண்டாம்), இரண்டு மூன்று அரிசி அளவு புதிய பேஸ்ட்டை சிப் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே மூலையை முதலில் இறுக்கிவிட்டால் சிப்பின் விளிம்பு உடையலாம். மெத்தென்ற தெர்மல் பேடு இருக்கும் இடங்களில் அதையே விட்டுவிடுங்கள், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

தறி இருக்கும் அறையை விட்டு லேப்டாப்பை வேறு அறைக்கு மாற்றுங்கள். மற்ற வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை போதும், உங்களுக்கு 4 மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும். பஞ்சைத் தடுக்கிறேன் என்று காற்றுத் துளையில் துணி கட்டாதீர்கள், காற்றே போகாது.

சூடே இல்லை. ஆனால் சார்ஜர் போட்டால் ஆமை வேகம், பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

சார்ஜரை லேப்டாப்புக்கு அடையாளம் தெரியவில்லை. சில கம்பெனிகளின் வட்டப் பின்னுக்கு நடுவே ஊசி போல ஒரு கம்பி இருக்கும். ‘நான் 65 வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜரானாலோ, வாட் குறைந்ததானாலோ லேப்டாப் பிராசஸரை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடும். டாஸ்க் மேனேஜரில் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸ் என்று நின்றால் அதுவேதான். தோழியின் ஒரிஜினல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பாருங்கள், 5 நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிலும் அப்படியே என்றால் லேப்டாப் பக்கத்து ஜாக்கை மாற்ற வேண்டும்.

கத்திரி வெயிலில் ஈரத்துணி மேல் லேப்டாப்பை வைக்கலாமா? கூலிங் பேட் வாங்கலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

ஈரத்துணி, ஐஸ் பேக் இரண்டும் வேண்டாம். அடிமூடியில் நீர் கோர்த்து உள்ளே இறங்கும். பெரும்பாலான லேப்டாப்புகளை 35 டிகிரி அறைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். வேலூர் மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் அந்தக் கணக்கு எடுபடாது. அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். பின்பக்கத்தை 2 செ.மீ. தூக்கி வையுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட் போய் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ 100 என்பதை 99 ஆக்குங்கள். டர்போ (தேவைப்படும்போது பிராசஸர் வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்று சூடு நன்றாகவே இறங்கும். டைப்பிங், கணக்கு வேலைக்கு வித்தியாசம் தெரியாது. இதெல்லாம் செய்த பிறகு கூலிங் பேட் தேவைப்படுகிறதா என்று பாருங்கள். உள்ளே தூசி அடைத்திருந்தால் அதனால் பயனில்லை.

அரிசி மண்டிக் கணக்குக்கு வைத்திருக்கிறேன். சூடு இல்லை, ஆன் ஆகவே 4 நிமிடம்.
– வாசகர், ஆரணி

டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நிற்கிறதா, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அதற்குப் பதில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள், 256 ஜிபி போதும். மாற்றும் முன் கணக்கை பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. லேப்டாப் ஏற்றுக்கொண்டால் அதே கையோடு 11க்கு மாறுங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, க்ளிக் ஆகவில்லை. சூடும் உண்டு.
– வாசகி, ஆம்பூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள். டச்பேடை அழுத்தி உட்கார வைக்கவோ, பேட்டரியைக் குத்திக் காற்றை இறக்கவோ முயலாதீர்கள், தீப்பிடிக்கும். மெத்தை, காகிதம் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையில் வைத்து, சர்வீஸ் ஆளை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள். புதுப் பேட்டரி வரும்வரை சார்ஜரில் மட்டும் ஓடும் மாடல்கள் உண்டு. அப்படி ஓட்டினால் கரன்ட் போகும் நொடியில் எல்லாம் போய்விடும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்யுங்கள்.