சிக்னல் போட்டும் தண்டச் சீட்டு: வாதாட முடியுமா?

சிக்னல் போட்டும், போடவில்லை என்று பொலிஸ் தண்டச் சீட்டுத் தந்துவிட்டது, வாதாட முடியுமா என்று கேட்கிறீர்கள். வாதாடுவதென்றால் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் விஷயம் அத்தோடு முடிந்தது, பிறகு வாதாட வழியில்லை. கட்டாமல் விட்டால் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொன்னால்தான் விளக்கம் (வழக்கு விசாரணை) நடக்கும்.

அனுராதபுரச் சந்தியில் பஸ்ஸை விலத்தும்போது சிக்னல் போட்டதாகச் சொல்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் முதலில் சிக்னலைப் போட்டுவிட்டுக் காரின் பின்னால் போய் நின்று பாருங்கள். 'டிக் டிக்' சத்தம் வழமையைவிட வேகமாகக் கேட்டால் அநேகமாகப் பல்ப் ஒன்று போயிருக்கும். உள்ளே அம்பு மினுங்கும், பின்னால் நின்ற பொலிஸ்காரருக்கு ஒன்றும் தெரிந்திராது. அப்படியென்றால் பேசாமல் கட்டிவிடுங்கள். பல்ப் எரியாததும் குறைதான், கையையாவது காட்டியிருக்கலாமே என்று கேட்பார்கள்.

பல்ப் சரியா? அப்போ சீட்டில் வாகன இலக்கம், இடம், எந்தக் குற்றம் என்பதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டாஷ் கேமரா இருந்தால் பழைய பதிவு அழியமுதல் எடுத்து வையுங்கள், சிக்னல் சத்தம் அதில் கேட்கக்கூடும்.

ஒன்று கவனம்: லைசன்ஸைப் பொலிஸ் வாங்கியிருந்தால் அந்தச் சீட்டுத்தான் உங்கள் தற்காலிக அனுமதி, அதுவும் 14 நாளைக்குத்தான். அதற்குப் பிறகு ஓடிப் பிடிபட்டால் அது வேறு வழக்கு.