சீரியோ சொல்லலாமா?

கேள்வி: லண்டன் அலுவலகத்தோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறேன். ‘பை’ என்றே முடித்து அலுத்துவிட்டது. ‘சீரியோ’, ‘டூடுலூ’, ‘ஃபேர்வெல்’ சொன்னால் இயல்பாக இருக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ‘சீரியோ’ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, குறிப்பாக ஸ்காட்லாந்தில். ஆனாலும் நம் வாயிலிருந்து வந்தால் பழைய படத்து வெள்ளைக்கார துரை வசனம் போலத்தான் கேட்கும். ‘டூடுலூ’ கேலிக்கு மட்டும். ‘ஃபேர்வெல்’ வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமை மீட்டிங் முடிவில் அதைச் சொன்னால், வேலையை விடுகிறீர்களா என்று கேட்பார்கள். ‘குட் டே டு யூ’ அதைவிட மோசம், கோபித்துக்கொண்டு கிளம்புகிற தொனி அதற்கு.

‘சீ யூ டுமாரோ’ போதும். வெள்ளிக்கிழமையானால் ‘ஹேவ் எ குட் வீக்கெண்ட்’. ‘சியர்ஸ், பை’யும் லண்டனில் சகஜம், நன்றியும் விடையும் அதிலேயே அடக்கம். அமெரிக்கர்களிடம் அதைத் தவிருங்கள். அங்கே அது பெரும்பாலும் மதுக் கோப்பையை உயர்த்தும்போது சொல்வது.

உண்மையில் சிக்கல் ‘பை’யில் இல்லை, அதற்கு முந்தைய படியில். இதை ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973-லேயே ஆராய்ந்து எழுதினார்கள். முதலில் ‘ரைட்’, ‘எனிவே’, ‘ஓகே தென்’ இவற்றில் ஒன்றைக் குரல் தாழ்த்திச் சொல்லி நிறுத்துங்கள். எதிராளியும் ‘ஓகே’ என்றால் அவருக்கும் பேச வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். பிறகு அடுத்த சந்திப்பைப் பற்றி ஒரு வரி. அதன் பிறகே ‘பை’. நாம் ‘சரி, வைக்கட்டுமா?’ என்று கேட்பதும் இதே வேலைக்குத்தான். அதை அப்படியே ‘ஷல் ஐ கீப் த ஃபோன்’ ஆக்கினால் யாருக்கும் புரியாது. ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றால் இன்னும் சங்கடம். பத்து நிமிடத்தில் திரும்புவீர்கள் என்று லைனிலேயே காத்திருப்பார்கள்!

கேள்வி: ‘சீ யூ லேட்டர், அலிகேட்டர்’ என்று ஒருவர் சொன்னால் பதில் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ‘இன் எ வைல், குரோகடைல்.’ 1956-ல் அமெரிக்கப் பாடகர் பில் ஹேலியின் பாட்டு இதை ஊரெல்லாம் பரப்பியது. குழந்தைகளிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் சரி. மேலதிகாரியிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: இரவு 8 மணிக்கு ஒருவரைப் பார்த்ததும் ‘குட் நைட்’ சொல்லலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. பார்த்ததும் ‘குட் ஈவ்னிங்’, விடைபெறும்போதுதான் ‘குட் நைட்’. டிரினிடாட் போன்ற கரீபியன் தீவுகளில் மட்டும் பார்த்ததுமே ‘குட் நைட்’ என்பார்கள். அங்கே வேலை கிடைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.